எல்லை அறியாத மத்திய அலை: வாசகர் கேள்வி – பதில்

பழைய வானொலிப் பெட்டிகளைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெட்டிகளை விட்டுவிட்டு, அவற்றில் கேட்ட தொலைதூர நிலையங்களைப் பற்றியே விசாரித்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

ஐயா, எழுபதுகளில் எங்கள் ஊரில் நண்பகலிலும் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். சேலத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டிலோ இருட்டிய பிறகுதான் கேட்கும். அதுவும் ஒரு நிமிடம் ஓங்கியும் மறு நிமிடம் தேய்ந்தும் வரும். பெட்டி இரண்டும் ஒரே கம்பெனிதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?
– வாசகர், வேதாரண்யம்

வேறுபாடு பெட்டியில் இல்லை. உங்கள் ஊருக்கும் ஒலிபரப்பிக்கும் இடையில் கிடக்கும் கடலில் இருக்கிறது. மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பியிலிருந்து கிளம்பும் அலை இரண்டு வழிகளில் நம்மிடம் வந்து சேர்கிறது. ஒன்று நிலத்தை ஒட்டியே படர்ந்து வரும் தரை அலை. மற்றொன்று மேல்நோக்கிச் சென்று, வளிமண்டலத்தின் உயரத்தில் இருக்கும் மின்னூட்டம் பெற்ற அடுக்குகளில் பட்டுத் திரும்பி இறங்கும் வான் அலை. தரை அலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அது கடந்து வரும் பரப்பே தீர்மானிக்கிறது. பாறையும் வறண்ட மண்ணும் அதை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடலின் மேல் அது அதிக இழப்பின்றி வெகுதூரம் செல்லும். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் அமைந்திருக்கும் விதத்தால் நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோர ஊர்களுக்கு இந்தப் பேறு இயற்கையாகவே வாய்த்தது. இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள புத்தளத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 200 கிலோமீட்டர் தொலைவுதான். அதில் பெரும்பகுதி நீர்ப்பரப்பு.

சேலத்துக்குத் தரை அலை வலுவுடன் வந்து சேராது. வான் அலையையும் பகலில் எதிர்பார்க்க முடியாது. ஏனெனில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் உண்டாகும் ஓர் அடுக்கு மத்திய அலையை மேலே செல்லவிடாமல் விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிட, அதற்கும் மேலே இருக்கும் அடுக்குகளில் பட்டு அலை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. அந்த மேலடுக்குகள் அசையாமல் நிற்பவை அல்ல என்பதால், ஒரே ஒலிபரப்பு சற்றே வேறுபட்ட பாதைகளில் வந்து ஒன்றோடொன்று கூடும்போது ஓங்கியும், ஒன்றையொன்று அழிக்கும்போது தேய்ந்தும் கேட்கிறது. உங்கள் அக்கா வீட்டில் கேட்ட ஏற்ற இறக்கத்துக்கு இதுவே காரணம்.

இதனுடன் ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் கறுப்பு நிறத்தில் விரல் பருமனில் ஒரு கோல் இருக்கும். அதன் மேல் மெல்லிய செப்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். மத்திய அலைக்கு அதுவே ஏரியல். பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாக வாங்கும். அதன் முனை நோக்கும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய ஒதுக்கிவிடும். ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளும் இரவுகளில், பெரியவர்கள் பெட்டியை மடியில் வைத்து மெல்லத் திருப்பித் திருப்பி, வேண்டாத நிலையம் அமுங்கும் கோணத்தைக் கண்டுபிடித்து அப்படியே நிறுத்துவார்கள். இந்த அறிவியலை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். கேட்டே ஆக வேண்டும் என்ற ஆசை கற்றுக்கொடுத்தது.

திருச்சியும் சென்னையும் இருக்கும்போது தமிழ்நாடே ஏன் இலங்கை வானொலியைக் கேட்டது என்று என் மகள் கேட்கிறாள். 'பாட்டு நிறையப் போடுவார்கள்' என்பதைத் தவிர எனக்குப் பதில் தெரியவில்லை.
– வாசகி, மதுரை

உங்கள் பதில் சரியானதே. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16 அன்றே முறையாகத் தொடங்கிவிட்டது. தந்தித் துறையில் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு வித்திட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவில் போரிட்ட நேசநாட்டுப் படையினருக்காக இலங்கையில் ஒரு பெரிய வானொலி நிலையம் அமைக்கப்பட்டது. ஏக்கலையில் நிறுவப்பட்ட அதன் 100 கிலோவாட் சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்பி, போர் முடிந்த பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சிறிய தீவின் தேவைக்கு மிஞ்சிய ஆற்றல் அது. 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியபோது, அந்த ஆற்றலை இந்தியாவை நோக்கித் திருப்பினால் விளம்பரம் கிடைக்கும் என்பதை அங்கிருந்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

அதற்கான வாய்ப்பை டில்லியே ஏற்படுத்திக் கொடுத்தது. 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை மக்களின் இசைச் சுவையைக் கெடுப்பவையாகக் கருதினார். படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று கூறி, பெயரை அறிவிக்க அகில இந்திய வானொலி மறுத்தது. படத் தயாரிப்பாளர்கள் பாடல்களை ஒலிபரப்பத் தந்திருந்த உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். மக்கள் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிடவில்லை. பெட்டியின் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். இந்தி பேசும் மாநிலங்களில் இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானியின் குரல் கொழும்பிலிருந்தே வீட்டுக்கு வீடு ஒலித்தது. 1957 அக்டோபர் 3 அன்று 'விவித் பாரதி' தொடங்கப்பட்டதற்கே இந்தப் போட்டி ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதில் விளம்பரங்கள் இடம்பெற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனினும் பாட்டு மட்டுமே காரணம் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டைத் தருபவர் யாருக்காகத் தருகிறார் என்பதில்தான் இலங்கை வானொலி வென்றது. படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று ஒவ்வொன்றையும் மரியாதையுடன் சொல்லிவிட்டு, அந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் அறிவிப்பாளர் வரிசையாக வாசிப்பார். ஓர் அஞ்சலட்டை எழுதிப்போட்ட குக்கிராமத்துப் பிள்ளையின் பெயர் கடல் கடந்து இன்னொரு நாட்டிலிருந்து, திருத்தமான உச்சரிப்புடன், தன் வீட்டுப் பெட்டியிலேயே ஒலிப்பதைக் கேட்பது என்பது அக்காலத்தில் வேறெங்கும் கிடைக்காத மதிப்பு. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரைத் தமிழ்நாட்டு நேயர்கள் தங்கள் வீட்டு மனிதர்களாகவே எண்ணினார்கள். முகம் பார்த்திராதவர்களின் மேல் அத்தனை பேர் அன்பு வைத்திருந்தார்கள். 'பொங்கும் பூம்புனல்' கேட்டு விடிந்த காலைகளையும், பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வந்த 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியையும் இப்போது அறுபதைக் கடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் மகளுக்கு என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

'தமிழ்நாடே' என்று நீங்கள் எழுதியதில் மட்டும் சிறிது திருத்தம் வேண்டும். கச்சேரியும் நாடகமும் உழவர் நிகழ்ச்சிகளும் கேட்டவர்கள் நம் நிலையங்களை விட்டு அகலவில்லை. டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும் நேரத்தில் இலங்கைப் பாட்டுக்கு ஓய்வு கொடுத்த வீடுகள் ஏராளம். மேலும் இந்தக் கேட்டல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் இருந்த யாழ்ப்பாணத்தில் திருச்சி நிலையத்துக்கு நெருக்கமான நேயர்கள் இருந்தார்கள்; நம் ஊரார் கொழும்பின் திரைப்பாடலுக்காகக் காத்திருந்த காலத்தில், அங்கே திருச்சியின் நாதசுரத்துக்கும் கர்நாடக இசைக்கும் காத்திருந்தார்கள்.

1967 ஜனவரியில் அந்த நிறுவனம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று ஆனது. 1983-ஆம் ஆண்டின் வன்செயல்களுக்கும் அதன்பின் மூண்ட போருக்கும் பிறகு, அந்தக் குரல்களை அதே மனநிலையுடன் கேட்கக் கரையின் எந்தப் பக்கத்தாலும் இயலவில்லை. இதைச் சொல்லாமல் அந்தப் பொற்காலத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஒரு காலத்தில் சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், சென்னை

முற்றிலும் உண்மை. அதுவும் அரசு வானொலி சென்னைக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் 1924 மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகம் என்ற சங்கம் உருவானது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பம்பாயில் 1927-இல் தொடங்கிய கம்பெனி வானொலிக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது இது. உறுப்பினர் சந்தாவை நம்பி நடந்த சங்கம் பணமுடையால் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தபோது, தன் ஒலிபரப்பியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாலையில் காற்று வாங்க மெரினாவுக்கு வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். வானொலி என்பது பணக்காரர் வீட்டு அலங்காரப் பொருளாக மட்டுமே இருந்த நாளில், வரி செலுத்தும் மக்கள் அனைவருக்கும் அது உரியது என்று ஒரு நகராட்சி அமைப்பு நினைத்ததே இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. பிற்காலத்தில் ஊராட்சி மன்றங்களில் பெட்டியும் குழாய் ஒலிபெருக்கியும் வைத்ததற்கு இதுவே முன்னோடி என்பேன்.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டதும் மாநகராட்சி விலகிக்கொண்டது. புதிய நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பி நகரத்தின் எல்லையைத் தாண்டுவதற்கே திணறும் அளவுக்குச் சிறியது. வெளியூர்களுக்கு அதன் சிற்றலை ஒலிபரப்பியே துணை. எழும்பூரில் தொடங்கிய நிலையம் 1954-இல் இப்போதைய கடற்கரைச் சாலைக் கட்டடத்துக்கு இடம் மாறியது.

எங்கள் ஊர் நிலையத்தைப் பற்றி எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.
– வாசகி, திருச்சிராப்பள்ளி

எழுதாமல் இருக்க முடியாது. 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் 5 கிலோவாட் மத்திய அலையுடன் தொடங்கியது. 1947-இல் நாடு பிரிந்தபோது லாகூர், பெஷாவர், டாக்கா ஆகிய மூன்று நிலையங்கள் பாகிஸ்தானுக்குச் சென்றன. இந்தியாவிடம் எஞ்சியவை ஆறு மட்டுமே. டில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ ஆகிய நான்கை விட்டால் மற்ற இரண்டும் சென்னையும் திருச்சியும்தான். மாகாணத் தலைநகராக இல்லாத ஓர் ஊருக்கு அந்த ஆறில் ஓர் இடம் கிடைத்தது காவிரிப் படுகையின் இசைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. தஞ்சை மாவட்டத்து வித்துவான்கள் சென்னைக்குப் பயணப்படாமலேயே ஒலிவாங்கியின் முன் அமர முடிந்தது. அவர்களை மாநிலமும் கேட்டது, கடலுக்கு அப்பாலும் கேட்டார்கள். தெற்குச் சீமைக்கென்று தனி நிலையம் திருநெல்வேலியில் 1963 டிசம்பரில்தான் வந்தது.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எங்கள் ஊரில்தான் தொடங்கியது என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

ஆம். 1984 அக்டோபர் 30. அகில இந்திய வானொலி ஒரு மாவட்டத்துக்காகவே உள்ளூர் நிலையம் அமைக்கும் திட்டத்தை உங்கள் ஊரில் தொடங்கித்தான் மற்ற ஊர்களுக்கு விரித்தது. அது பண்பலை நிலையம் என்பதால் இந்த வாரத்துப் பேச்சில் அதற்கு மேல் இடமில்லை, தனியாக எழுதுகிறேன்.

அப்பா பயன்படுத்திய டிரான்சிஸ்டரைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறேன். மத்திய அலையில் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. பெட்டி கெட்டுவிட்டதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பெட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் வீட்டைச் சந்தேகியுங்கள். எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், தொலைக்காட்சி ஆகிய அனைத்துமே மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்புபவை. அப்பா கேட்ட காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. மின்தடை ஏற்படும் ஓர் இரவில், அல்லது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் பெட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டு சென்று மெதுவாக முள்ளை நகர்த்துங்கள். ஒரு நிலையம் கிடைத்ததும் பெட்டியைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டுவிட்டதால், அப்பாவுக்குக் கிடைத்த அத்தனையும் உங்களுக்குக் கிடைக்காது. இந்த இழப்பு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. புயல் நாளில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்த பிறகும் ஒரே ஒலிபரப்பியால் பல மாவட்டங்களுக்குச் சேதி சொல்லக்கூடிய வசதி இது.

காலமான என் தாத்தாவின் பெட்டியில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. பக்கம் பக்கமாக '23.40 – 18.10 – 1566 – நாகபுரி – 34333' என்பதுபோல எழுதியிருக்கிறார். அதனுடன் தபால்தலைகள் ஒட்டி முத்திரை குத்திய ஒரு சிறு புத்தகமும், வெளிநாட்டு நிலையங்களின் பெயர் அச்சிட்ட வண்ண அட்டைகளும் இருக்கின்றன. இவை என்ன? பழைய காகிதத்துடன் போட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– வாசகி, புதுக்கோட்டை

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். உங்கள் தாத்தா தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்டு, கேட்டதை முறையாகப் பதிவு செய்தவர். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரியிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 23.40 என்பது நம் நேரம். அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து உலகப் பொது நேரத்தை 18.10 என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். 1566 என்பது கிலோஹெர்ட்ஸில் அலைவரிசை. கடைசியில் இருக்கும் ஐந்து இலக்கங்கள் உலகெங்கும் நேயர்கள் பின்பற்றும் ஒரு மதிப்பீட்டு முறை: ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், ஒட்டுமொத்தத் தரம் என்ற வரிசையில், ஒன்று மிக மோசம், ஐந்து மிக நன்று. ஆக, அன்றிரவு நாகபுரி நடுத்தரமாகவும், பிற நிலையத் தொல்லை அதிகமின்றியும் கேட்டிருக்கிறது.

தேதி இல்லாத பக்கங்களின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். நாகபுரியில் 1000 கிலோவாட் ஒலிபரப்பியுடன் இரவு முழுவதும் ஒலித்த தேசிய அலைவரிசை 1988 மே மாதத்தில்தான் தொடங்கியது. ஆகவே அந்த நிலையத்தைக் குறிக்கும் பக்கம் அதற்குப் பிந்தியது. நம் பகுதியின் மத்திய அலை நிலையங்கள் அனைத்தும் 1978 நவம்பரில் ஓர் உலக ஒப்பந்தத்தின்படி ஒன்பதின் மடங்காக அமைந்த எண்களுக்கு மாற்றப்பட்டன. சென்னையின் 720, திருச்சியின் 936, திருநெல்வேலியின் 1197 ஆகியவற்றை வகுத்துப் பாருங்கள். குறிப்பேட்டில் ஒன்பதால் வகுபடாத இந்திய, இலங்கை எண்கள் தென்பட்டால், அவை பெரும்பாலும் அதற்கு முற்பட்ட பதிவுகள்.

சிறு புத்தகம் வானொலி உரிமம். அந்நாளில் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் கட்டணம் செலுத்தி அதைப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளில் அந்த முறை கைவிடப்பட்டது. வண்ண அட்டைகள், உங்கள் தாத்தா அனுப்பிய அறிக்கையைச் சரிபார்த்து, 'ஆம், நீங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்பையே' என்று அந்தந்த நிலையம் உறுதிப்படுத்தி அனுப்பியவை.

நிலையங்கள் தங்கள் ஒலிபரப்பில் பெரும்பகுதியைப் பதிந்து வைக்கவில்லை. பதிந்த நாடாக்களிலும் பல அழிந்துபோயின. எந்த நிலையம் எந்த நாளில் எந்த ஊரில் எப்படிக் கேட்டது என்பதற்கு இத்தகைய குறிப்பேடுகளைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இல்லை. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளைக் கோந்து போட்டு ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். பின்பக்கத்தில்தான் தேதியும் அலைவரிசையும் எழுதப்பட்டிருக்கும். தாத்தா எந்த ஊரில், எந்தப் பெட்டியில் கேட்டார் என்பதைப் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, அதே உறையில் வையுங்கள். நிலையத்தின் பெயர் வாசிக்க முடியாத பக்கங்கள் இருந்தால் படத்தை இப்பகுதிக்கு அனுப்புங்கள். அலைவரிசையையும் நேரத்தையும் வைத்துக் கண்டுபிடிக்க முயல்கிறேன்.